தங்கை அனுப்பிய சிம்

பேக்கரியில் அவளை எல்லோரும் க்ரீம் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கேக்கின் மேல் க்ரீம் பூசி, ஓரத்தில் பூ வைத்து, நடுவில் பெயர் எழுதுவது அவள் வேலை. எழுத்து முத்து முத்தாக விழும். யாருக்குப் பிறந்த நாள், யாருக்குக் கல்யாண நாள், எந்த அலுவலகத்தில் யார் ஓய்வு பெறுகிறார்கள் என்பதெல்லாம் மற்றவர்களுக்குத் தெரியும் முன்பே அவள் விரலுக்குத் தெரிந்துவிடும். வேலையில் யாரும் குறை சொன்னதில்லை. மனுஷியும் நல்லவள்தான். ஆனால் தங்கை விஷயம் என்று வந்தால் மட்டும் அவளுக்கு வயிறு எரியும்.

தங்கை கெட்டவள் இல்லை, அதுதான் தொந்தரவே. கெட்டவளாக இருந்திருந்தால் நன்றாக நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு டிக்கெட் போட்டுக் கொடுக்கிற வேலை அவளுக்கு. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். தனி வீடு, சின்னதாக ஒரு கார். சின்ன வயதில் ஒரே துணியில் இரண்டு பேருக்கும் சட்டை தைத்தாலும் தங்கைக்குத்தான் அது எடுப்பாக இருக்கும். அதைக்கூட க்ரீம் அக்கா ஒரு மாதிரி ஜீரணித்துக்கொண்டாள். ஜீரணிக்க முடியாதது வேறு. அவள் பெற்ற மகள், ஒரே மகள், வாயைத் திறந்தால் சித்தி, சித்தி என்பாள். 'சித்தி சொன்னாங்க', 'சித்தி வாங்கிக் குடுத்தாங்க', 'சித்திகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்.' பெற்றவள் பக்கத்திலேயே நிற்பாள், கையில் துடைக்கிற துணியோடு.

மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. பஸ்ஸில் போனால் பாதி நாள் ஆகிற தூரம். வளாகத்துக்குள்ளேயே ஹாஸ்டல். அதுவரை அம்மா போனையும் அப்பா போனையும் மாற்றி மாற்றி வாங்கிப் பேசிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது சொந்தமாக ஒரு நம்பர் வேண்டும். போனை அப்பா வாங்கிக் கொடுத்துவிட்டார். பார்சல் வண்டி ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். எந்த கம்பெனி சிம் போடுவது என்பதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துத் தங்கை வந்து சேர்ந்தாள்.

"தனியா எதுக்குக்கா வாங்கணும்? என் ஃபேமிலி பிளான்ல இன்னொரு நம்பர் சேத்துக்கலாம். பேசறது, டேட்டா எல்லாம் அதுலயே வந்துடும். அந்த காலேஜ் பக்கம் நான் போயிருக்கேன். என் கம்பெனி டவர் அங்க நல்லா கிடைக்குது."

சொன்னதெல்லாம் நல்ல விஷயம்தான். ஆனால் க்ரீம் அக்காவின் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை. ஃபேமிலி. தனியாக இருக்கிறவளுக்கு என்ன ஃபேமிலி பிளான்? என் மகளைச் சேர்த்தால்தான் இவளுக்கு ஃபேமிலியா?

"வேண்டாம். நாங்களே பாத்துக்கறோம்."

"இல்லக்கா, பிளான்ல ஒரு நம்பருக்கான இடம் சும்மா கெடக்கு..."

"அதான் சொல்றேன்ல, நாங்க பாத்துக்கறோம்னு."

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். அந்த வீட்டில் அதற்கு 'இப்போது வேண்டாம்' என்று அர்த்தம்.

மறுநாளே மகளைக் கூட்டிக்கொண்டு போன் கடைக்குப் போனாள். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள். "ஹாஸ்டல் ரூமுக்குள்ள பேசணுமா, வெளிய பேசுவாங்களா? வீடியோ கிளாஸ் எல்லாம் இருக்குமா? காலேஜ்ல வைஃபை குடுப்பாங்களா?"

"எல்லாத்துக்கும்தான்" என்றாள் க்ரீம் அக்கா.

"இல்லக்கா, டவர் எங்க கிடைக்கும்னு காட்டற வரைபடத்துல எல்லா கம்பெனியும் கலர் அடிச்சுத்தான் வச்சிருப்பாங்க. கட்டடத்துக்குள்ள போனாதான் உண்மை தெரியும். அங்க ஏற்கெனவே படிக்கிற பசங்க யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்தீங்கன்னா நல்லது. முதல்ல மாசத்துக்கு மட்டும் போட்டுப் பாருங்க, சரியா வந்தா அப்புறம் வருஷத்துக்குப் போட்டுக்கலாம்."

நல்ல யோசனை. அதைக் கேட்டு மகளின் முகம்கூடத் தெளிந்தது. ஆனால் க்ரீம் அக்கா அன்று யோசனை கேட்கப் போகவில்லை, முடிவோடு போயிருந்தாள். தான் வைத்திருக்கிற கம்பெனி எதுவோ அதுவே. தங்கை வைத்திருக்கிற கம்பெனி மட்டும் கூடாது.

"இதுவே போடுங்க. வருஷத்துக்கே போட்டுடுங்க" என்றாள்.

"அம்மா, சித்தி சொன்னாங்கல்ல, அங்க..."

"உங்க அம்மாவும் நாலு இடம் பாத்தவதான்."

புது நம்பரை க்ரீம் அக்கா அன்று மாலையே மனப்பாடம் செய்துவிட்டாள்.

கல்லூரியில் கொண்டுபோய் விடுகிற நாளும் வந்தது. பெட்டி, படுக்கை, வாளி எல்லாம் பஸ்ஸில் ஏற்ற முடியாது என்று தங்கையின் காரிலேயே போக வேண்டியதாயிற்று. அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. முன் சீட்டில் தங்கையும் மகளும் பேசிச் சிரித்துக்கொண்டே வர, பின் சீட்டில் வாளியை அணைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்து வந்தாள்.

ஹாஸ்டல் வளாகத்தின் கடைக்கோடியில் இருந்தது. மகளுக்குக் கிடைத்தது கீழ்த்தளத்தில் பின்பக்கத்து அறை. ஜன்னலைத் திறந்தால் கை நீட்டித் தொடுகிற தூரத்தில் ஒரு பாறைக்குன்று. பெட்டியை இறக்கி வைத்ததும் மகள் போனை எடுத்துப் பார்த்தாள். சிக்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. ஜன்னல் பக்கம் போனாள், கட்டில் மேல் ஏறி நின்றாள், கையைத் தூக்கிப் பிடித்தாள். ஒரு கோடு வந்தது. கையை இறக்கியதும் போய்விட்டது.

தங்கையின் போன் மேஜைமேல் கிடந்தது. அதில் சிக்னல் நிறைந்திருந்தது. க்ரீம் அக்கா அதை ஓரக்கண்ணால் பார்த்தாள். தான் பார்த்ததைத் தங்கை பார்த்துவிட்டாளா என்றும் பார்த்தாள்.

தங்கை ஒன்றுமே சொல்லவில்லை. 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பதிலுக்குப் பத்து வார்த்தை சொல்லியிருக்கலாம். போனை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "பாப்பா, போர்வையை எங்க வைக்கட்டும்?" என்றாள். அந்தப் பெருந்தன்மை க்ரீம் அக்காவுக்கு உள்ளே போய்க் குத்தியது.

"போகப் போகச் சரியாயிடும். புது சிம் அப்படித்தான் இருக்கும்" என்று பொதுவாகச் சொல்லி வைத்தாள்.

சரியாகவில்லை. மகள் பேச வேண்டுமென்றால் மாடிப்படி வளைவுக்கு வர வேண்டும். அங்கே போகிறவர் வருகிறவர் எல்லாம் இடிப்பார்கள். அவள் கூப்பிடுகிற நேரத்தில் க்ரீம் அக்காவின் இரண்டு கையிலும் க்ரீம் இருக்கும். முழங்கையால் போனை அமுக்கி, தோளில் இடுக்கிக்கொண்டு, "சீக்கிரம் சொல்லு கண்ணு" என்பாள். பின்னால் மிக்ஸர் இரைச்சல். "சாப்பிட்டியா?" என்பதற்குப் பதில் வருவதற்குள் துண்டிக்கும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து இவள் கூப்பிட்டால், வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் தேன் மாதிரிச் சொல்லும். அந்தக் குரல்காரியை நேரில் பார்த்தால் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றிருக்கும் அவளுக்கு.

ஆனாலும் மனதில் ஒரு ஆறுதல் இருந்தது. எனக்குக் கிடைக்காதது தங்கைக்கும் கிடைக்காது. ஒரே சிம், ஒரே மாடிப்படி.

அந்த ஆறுதலும் ஒரு விடுமுறை நாளில் போயிற்று. தங்கை வீட்டுக்கு வந்திருந்தாள். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, மேஜைமேல் அவள் போன் அடித்தது. க்ரீம் அக்கா சும்மா எட்டிப் பார்த்தாள். திரையில் மகளின் படம். அதுவே போதும். ஆனால் படத்தில் இருந்த மகள் கண்ணாடி போட்டிருந்தாள். கறுப்பு ஃபிரேம் போட்ட வட்டக் கண்ணாடி. படத்துக்குக் கீழே இருந்த நம்பரும் இவள் மனப்பாடம் செய்த நம்பர் இல்லை.

தங்கை ஓடி வந்து போனை எடுத்தாள். "சொல்லுடா... இல்லடா, நான் உங்க அம்மா வீட்டுல இருக்கேன். அப்புறம் பேசறேன்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டு வைத்தாள்.

"அவளுக்கு எப்போலேருந்து கண்ணாடி?"

தங்கையின் முகம் சுண்டிப் போயிற்று. "போன மாசம்... போர்டு தெரியல, தலைவலிக்குதுன்னா. காலேஜ் டாக்டர்கிட்டயே காட்டி..."

"அந்த நம்பர் யாரோடது?"

"அக்கா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளு. அங்க ரூமுக்குள்ள உன் சிம் எடுக்கவே இல்ல. பாடத்துக்குக்கூட அவளால டேட்டா போட முடியல. போன்ல ரெண்டு சிம் போடற இடம் இருக்கு. அதான் நான் ஒண்ணு அனுப்பிவிட்டேன். உன்கிட்ட சொல்லலாம்னுதான்..."

"சொல்லலாம்னுதான் இருந்தியா?"

"பாப்பாதான் வேண்டாம்னா. நீ வருத்தப்படுவேன்னு."

மகளின் முகத்தில் ஒரு கண்ணாடி ஏறி ஒரு மாதம் ஆகியிருக்கிறது. பெற்றவளுக்கு அது தெரியாது. தொடர்பு எல்லைக்கு அப்பால் என்று அந்தக் குரல் சொல்லிக்கொண்டிருந்த நேரமெல்லாம் மகள் கட்டிலில் சாய்ந்துகொண்டு சித்தியோடு கதை பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

இரவு கணவரிடம் சொன்னாள். அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து, "புள்ள நல்லா இருக்காளாமா?" என்று கேட்டார்.

"அதையும் உங்க மச்சினிச்சிகிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

அந்த வாரமே பேக்கரியில் ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு, யாரிடமும் மூச்சுவிடாமல் விடியும் முன்பே பஸ் ஏறினாள். அந்த சிம்மை எடுத்துத் தூரப் போடு என்று மகளிடம் நேருக்கு நேர் சொல்ல வேண்டும். போகிற வழியெல்லாம் பேச வேண்டிய வசனத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள்.

ஹாஸ்டல் வாசலில் இருந்த காவல்காரப் பெண் உள்ளே விடவில்லை. "பொண்ணுக்குப் போன் போட்டு வரச் சொல்லுங்கம்மா. அவங்க வந்து கூட்டிட்டுப் போகணும், அதான் இங்க பழக்கம்."

போட்டாள். தேன் குரல். மறுபடியும் போட்டாள். அதே தேன்.

"வேற நம்பர் ஏதாவது இருந்தாப் போட்டுப் பாருங்களேன்" என்றாள் காவல்காரப் பெண், தன்மையாகத்தான்.

வேறு நம்பர் இருக்கிறது. அது இவளிடம்தான் இல்லை. வாசல் மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றாள். வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. உள்ளே போகிற பெண்கள் எல்லாம் இவளைப் பார்த்துக்கொண்டே போனார்கள். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு தங்கையைக் கூப்பிட்டாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். "என்னக்கா, இந்த நேரத்துல? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அவ நம்பர் குடு."

"யாரு... பாப்பாவோடதா? எங்க இருக்க நீ?"

"நம்பர் குடுன்னா குடேன்!"

தங்கை சொன்னாள். எங்கேயும் பார்த்துச் சொல்லவில்லை, தன் பெயரைச் சொல்வதுபோல மனப்பாடமாகவே சொன்னாள். அதற்கும் சேர்த்து க்ரீம் அக்காவுக்கு எரிந்தது.

மகள் ஓடி வந்தாள், கண்ணாடியோடு. படத்தில் பார்த்ததைவிட நேரில் இன்னும் பொருத்தமாக இருந்தது. அதைச் சொல்ல வாய் வந்தது. சொன்னால் சித்தி தேர்ந்தெடுத்ததாக இருந்துவிடப் போகிறது என்று விழுங்கிக்கொண்டாள்.

அறையில் வேறு யாரும் இல்லை. பஸ்ஸில் கோத்து வைத்திருந்த வசனம் எதுவும் நேரத்துக்கு வரவில்லை. "எனக்கு ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டாள்.

மகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "எப்போ சொல்றதும்மா? நான் கூப்பிட்டாலே, 'கையில க்ரீம், சீக்கிரம் சொல்லு'ன்னு சொல்லுவ. பின்னாடி மிஷின் சத்தம். கண்ணு தெரியலம்மான்னு எப்படி சீக்கிரமா சொல்றது?"

"நான் வீட்டுக்கு வந்து கூப்பிடறப்போ?"

"அப்போ இந்த ரூம்ல உன் சிம் எடுக்காது."

"உன் சிம்னு சொல்லாத. அது உன் சிம்."

"சரி. என் சிம் எடுக்காது." மகள் கொஞ்ச நேரம் போர்வையின் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். "அது மட்டும் இல்லம்மா. உன் குரலக் கேட்டா எனக்கு அழுகை வந்துடும். நீயும் அழுவ. அடுத்த பஸ்ஸ பிடிச்சு வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடுவ. சித்திகிட்டன்னா எதையும் ஆற அமரச் சொல்லலாம். அவங்க அழமாட்டாங்க."

உண்மையைத்தான் சொன்னாள். வேறு யாராவது கேட்டிருந்தால் மனம் இளகியிருக்கும். க்ரீம் அக்காவுக்கோ, எரிகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் ஊதிவிட்டதுபோல ஆயிற்று. ஆற அமரச் சொல்ல ஒருத்தி, அவசரத்துக்குச் சாப்பிட்டாயா என்று கேட்க ஒருத்தியா?

மகள் எழுந்தாள். "லேப்ல ஒரு வேலையைக் காட்டிட்டு வந்துடறேன்மா. நீ கொஞ்சம் படு. வந்ததும் கேன்டீன்ல சாப்பிடலாம்." சார்ஜில் கிடந்த போனை அப்படியே விட்டுவிட்டுப் போனாள்.

க்ரீம் அக்கா படுக்கவில்லை. கொஞ்ச நேரம் பாறையைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்தாள். வருஷக்கணக்கில் கேக்கில் மற்றவர்கள் வீட்டுப் பெயரையெல்லாம் எழுதிய கை, இடது காதுக் கம்மலைக் கழற்றியது. கம்மல் தண்டின் நுனியைப் போனின் ஓரத்தில் இருந்த சின்ன ஓட்டையில் வைத்து அமுக்கினாள். தட்டு வெளியே வந்தது. இரண்டு சிம். தன் கம்பெனியின் நிறம் அவளுக்குத் தெரியும். மற்றதை நகத்தால் நெம்பி எடுத்தாள். தட்டை உள்ளே தள்ளினாள். சிம்மைப் பர்ஸுக்குள் போட்டு, கம்மலை மாட்டிக்கொண்டாள். கை நடுங்கவே இல்லை. அதை நினைத்துத்தான் பிற்பாடு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மகள் திரும்பி வந்தாள். இருவரும் சாப்பிட்டார்கள். மகள் வாசல்வரை வந்து வழியனுப்பினாள். "கண்ணாடி நல்லா இருக்கா?" என்று கேட்டாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள் இவள். பஸ் புறப்பட்டது.

பாதி வழியில் தங்கை கூப்பிட்டாள். "அக்கா, பாப்பா போன் போகவே மாட்டேங்குது. நீ அங்கதான இருக்க?"

"நான் கிளம்பிட்டேன்."

"ரெண்டு நம்பரும் போகல. எப்பவும் மூணாவது மணிக்குள்ள எடுத்துடுவா."

"எனக்கு எப்படித் தெரியும்? டவர் கிடைக்கலையோ என்னவோ" என்றாள் க்ரீம் அக்கா. போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்தாள். இத்தனை வருடத்தில் அவ்வளவு சுகமாக அவள் ஒரு பஸ்ஸில் உட்கார்ந்ததில்லை. தேன் குரல் இப்போது தங்கையின் காதில் ஒலிக்கட்டும்.

ராத்திரி வீட்டுக்குள் கால் வைத்ததும் மறுபடியும் தங்கை. இந்த முறை குரல் மாறியிருந்தது.

"நேர்ல பாத்தேல்லக்கா? உடம்பு ஏதும் இல்லையே? முகம் வாடியிருந்துதா?"

"நல்லாத்தான் இருந்தா."

"அப்போ ஏன் எடுக்க மாட்டேங்குறா? கார எடுத்துட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துடட்டுமா?"

"அவ என்ன சின்னக் கொழந்தையா? பேசாம இரு."

தங்கை பேசாமல்தான் இருந்தாள். போனையும் வைக்கவில்லை. பிறகு சொன்னாள். "நீ போறேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேன்ல. சரி, நீ அம்மா. நீ எப்ப வேணும்னாலும் போகலாம். என்னை அந்த கேட்ல யாருன்னு கேட்டா நான் என்ன சொல்றது? அவ பேசலன்னா எனக்கு இந்த வீடு வெறிச்சுனு கெடக்கும்க்கா."

தங்கை பொறாமைப்படுகிறாள்! தன்னைப் பார்த்து! சட்டை எடுப்பாக இருக்கிறவள், கார் வைத்திருக்கிறவள், ஹெட்செட் போட்டிருக்கிறவள். இந்தக் கோணத்திலிருந்து அவள் ஒரு நாளும் யோசித்ததே இல்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தக் குரலில் இருந்த தவிப்பு அவளுக்கு ரொம்பப் பழக்கமானது. இத்தனை நாளாகத் தினமும் அதோடுதான் அவள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள். பர்ஸை எடுத்து அலமாரியில் வைத்தாள். எடுத்து, வேறு இடத்தில் வைத்தாள்.

காலையில் பேக்கரிக்குப் போன் வந்தது. அறைத்தோழியின் நம்பரிலிருந்து மகள் பேசினாள்.

"அம்மா, என் சிம்மைக் காணோம். சித்தி குடுத்தது. கட்டிலுக்கு அடியில எல்லாம் தேடிட்டேன். அது தானா விழறதுக்கு வழியே இல்ல." கொஞ்சம் நிறுத்தினாள். "நீ எடுத்தியாம்மா?"

மிக்ஸர் ஓடிக்கொண்டிருந்தது. க்ரீம் அக்கா அதை நிறுத்தினாள்.

"ஆமா."

மகள் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். மகள் கத்தவில்லை. "எனக்கு நாளைக்கு ஒரு டெஸ்ட்டும்மா. பாடமெல்லாம் அந்த டேட்டாவுலதான் பாக்கணும்" என்றாள், களைத்துப்போன குரலில். "அனுப்பிடு. சித்திகிட்ட நீயே சொல்லிடு, நான் சொல்லமாட்டேன்." வைத்துவிட்டாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் கூரியர் கடைக்கு ஓடி, சிம்மை ஒரு அட்டையில் ஒட்டி அனுப்பினாள். அங்கிருந்தே தங்கைக்குப் போன் போட்டாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கோபத்தில் வைத்துவிட்டாள் போல என்று நினைத்தாள்.

"எதால எடுத்த? அதுக்கு ஒரு ஊசி வேணுமே" என்றாள் தங்கை.

"கம்மலால."

"கம்மலாலயா!" தங்கை சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. அலுவலகத்தில் யாரோ என்ன என்று கேட்பதும், "ஒண்ணும் இல்ல, எங்க அக்கா" என்று அவள் சொல்வதும் கேட்டது. பிறகு சிரிப்பு எப்போது அழுகையாயிற்று என்று தெரியவில்லை. "உன்கிட்ட மறைச்சது என் தப்புதான். ஆனா நேத்து முழுக்க என்னைத் தவிக்க விட்டேல்ல, அத நான் மறக்க மாட்டேன்" என்றாள். மறக்கவும் இல்லை. ரொம்ப நாள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

மகளும் சில நாள் முறுக்கிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் ஒரு வழி அவளே கண்டுபிடித்தாள். ஹாஸ்டலிலிருந்து வகுப்புக்குப் போகிற பாதை திறந்த மைதானத்தை ஒட்டிப் போகிறது. அங்கே குன்றும் இல்லை, கட்டடமும் இல்லை. அம்மாவின் கம்பெனி சிக்னல் அங்கே கொட்டிக் கிடந்தது. அதே நேரத்தில்தான் க்ரீம் அக்காவும் வீட்டிலிருந்து பேக்கரிக்கு நடப்பாள். கையில் க்ரீம் இருக்காது. ஆக, காலை நடை அம்மாவுக்கு, இரவு சித்திக்கு என்று ஆயிற்று. போனுக்குள் இரண்டு சிம்மும் பக்கத்துப் பக்கத்தில் சண்டை போடாமல் கிடந்தன.

இதற்காக க்ரீம் அக்கா திருந்திவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். காலையில் தனக்குக் கிடைப்பது செருப்புச் சத்தமும், 'இன்னிக்கு வெயில்மா'வும்தான் என்று பொருமினாள். கஷ்ட நஷ்டமெல்லாம் இரவில் தங்கையிடம் போய்விடுகிறது. மகளின் கஷ்டத்திலும் அவளுக்குப் பங்கு வேண்டியிருந்தது.

பருவத் தேர்வு முடிவு வந்த மறுநாள் காலை. மகள் கூப்பிட்டாள். செருப்புச் சத்தம் கேட்டது, பேச்சு வரவில்லை.

"என்ன கண்ணு?"

"ஒண்ணும் இல்லம்மா."

இன்னும் கொஞ்ச தூரம் இருவரும் அவரவர் ஊரில் நடந்தார்கள். பிறகு செருப்புச் சத்தம் நின்றது. "மேத்ஸ்ல போயிடுச்சும்மா" என்று சொல்லி மகள் அழத் தொடங்கினாள்.

க்ரீம் அக்கா தெரு ஓரத்தில் நின்றாள். அழவில்லை. 'உடனே கிளம்பி வரேன்' என்று சொல்ல நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டாள். "அழு. அழுது முடி. நான் இருக்கேன்" என்றாள். பேக்கரி திறக்கிற நேரம் தாண்டிப் போயிற்று. மகள் எல்லாவற்றையும் சொன்னாள். எந்தக் கணக்கில் தடுமாறினாள், யாரெல்லாம் பாஸானார்கள், இனி என்ன செய்ய வேண்டும், எல்லாம். இவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில் மட்டும் அடக்க முடியவில்லை.

"சித்திகிட்ட சொல்லிட்டியா?"

"இல்லம்மா. உன்கிட்டதான் முதல்ல."

வைத்த கையோடு தங்கையைக் கூப்பிட்டாள்.

"விஷயம் தெரியுமாடி? பாப்பாக்கு மேத்ஸ் போயிடுச்சு."

"ஐயோ! எனக்குத் தெரியாதே. எப்போ சொன்னா?"

"இப்பத்தான். அழுதா."

"உன்கிட்டயா?"

"என்கிட்டதான்."

"சரிக்கா" என்றாள் தங்கை. அந்த 'சரிக்கா'வில் என்ன இருந்தது என்று அக்காவுக்குத் தெரியாதா?

"ராத்திரி உன்கிட்டயும் சொல்லுவா. திட்டிடாத. மறுபடி எழுதலாம்னு சொல்லு."

"நான் எதுக்குத் திட்டறேன்? நீ திட்டினியா?"

"நான் எங்கடி திட்டினேன்? நான் பாட்டுக்குக் கேட்டுட்டுதான் இருந்தேன்."

"நீ? கேட்டுட்டு இருந்தியா? நம்பிட்டேன்."

இப்படியே பேக்கரி வாசல்வரை வாயாடிக்கொண்டு வந்தாள். உள்ளே போய்க் கை கழுவி, ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். முகம் அவ்வளவு பளிச்சென்று இருப்பதைப் பார்த்து, அடுப்பு பார்க்கிறவர் கேட்டார். "என்ன க்ரீம் அக்கா, மக ரிசல்ட் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. ஃபெயிலாயிட்டா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, க்ரீம் பையை எடுத்தாள்.